இரண்டு பஞ்சாங்கங்களுக்கு நடுவே கோவளம்

என் அம்மா பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம். என் மாமியார் பார்ப்பது திருக்கணிதப் பஞ்சாங்கம். இரண்டும் ஒத்துப்போகாது என்பது கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்தபோதே தெரியும். அப்போது எப்படியோ ஒரு சமரசம் ஏற்பட்டது. வளைகாப்பு முடிந்து என் மனைவி சுகன்யாவைப் பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்ப நாள் பார்த்தபோது சமரசம் ஏற்படவில்லை. அம்மாவின் பஞ்சாங்கத்தில் சனிக்கிழமை சித்தயோகம், ஞாயிறு மரணயோகம். மாமியாரின் பஞ்சாங்கத்தில் அப்படியே தலைகீழ்.

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துப் போவதுதான் முறை. ஆனால் பம்மலில் மாமியார் வீட்டுக் குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிமென்ட் காயட்டும் என்று ஒரு வாரம் தள்ளிவைத்ததில் வந்த வினை இது.

பேசித் தீர்க்கலாமே என்பீர்கள். சம்பந்திகள் இருவரும் நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். போனில் பேச மாட்டார்கள். சண்டை ஒன்றுமில்லை. யார் முதலில் போன் செய்வது என்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. பெண்ணைக் கொடுத்தவரா, எடுத்தவரா? கல்யாணமான நாளிலிருந்து எங்கள் மேற்குத் தாம்பரத்துக்கும் பம்மலுக்கும் இடையே எல்லாச் செய்தியும் எங்கள் இருவர் வழியாகத்தான் போய்வருகிறது. 'சனிக்கிழமை வந்துடுவான்னு சொல்லிடு' என்றார் அம்மா. 'ஞாயித்துக்கிழமைதான் கிளம்பறதுன்னு சொல்லிடு' என்றார் மாமியார். இரண்டு பேரிடமும் சரி என்று சொல்லிவிட்டோம்.

"ரெண்டு பேர் சொல்றதையும் கேட்டுடுவோம்" என்றாள் சுகன்யா. "சனிக்கிழமை இங்கேர்ந்து கிளம்பறேன். ஞாயித்துக்கிழமை அங்க போய்ச் சேர்றேன்."

"நடுவுல?"

"நடுவுல கோவளம். டென்ட் போட்டுத் தங்கலாம்டா. கல்யாணத்துக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன."

இந்த 'டா' பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் ஒன்றாகப் படித்தவர்கள். இருந்தாலும் பெரியவர்கள் எதிரில் அவள் என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். தெருமுனை திரும்பியதும் நான் 'டா' ஆகிவிடுவேன். படுக்கையறையில் தாழ்ந்த குரலில் 'டா'. கதவு திறந்திருந்தால் 'ங்க'. அவள் ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை.

இந்தப் பயணத்தில் எனக்கும் ஒரு சொந்த வேலை இருந்தது. குழந்தை உதைப்பதை நான் அதுவரை உணர்ந்ததே இல்லை. அது உதைக்காமல் இல்லை. நாள் முழுக்க உதைக்கிறது. சுகன்யா கூப்பிடுவாள், நான் ஓடிவந்து கையை வைப்பேன், அந்த நொடியில் அடங்கிவிடும். என் அம்மாவுக்கு உதை கிடைத்தது. தங்கைக்குக் கிடைத்தது. எதிர் ஃபிளாட் அக்காவுக்குக் கிடைத்தது. வளைகாப்பில் வளையல் அடுக்க வந்த அம்மாளுக்குக்கூட ஒன்று கிடைத்தது. 'பேஷ்' என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கைக்குப் போனார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பொறாமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் வாரம் ஒருமுறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்க் கூடத்தில் உட்காரும் மாப்பிள்ளை. எங்கள் குடும்பங்களில் பெரியவர்கள் எதிரில் கணவனும் மனைவியும் சோபாவில் உட்கார்ந்தால் நடுவில் இன்னொருவர் உட்கார இடம் விட்டுத்தான் உட்காருவோம். அங்கே போய் அவள் வயிற்றில் கை வைப்பதாவது! ஆகவே எனக்கு இருந்தது இந்த ஒரு நாள்தான்.

டாக்டரம்மாவிடம் கேட்டோம். "கோவளம்தானே, இமயமலையா? போயிட்டு வாங்க. தண்ணி நிறைய குடிங்க" என்றார். பஞ்சாங்கம் பார்க்காதவர்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். பிரசவத்துக்குப் போகிற பெண் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. வீட்டிலிருப்பவர்களும் வழியனுப்ப வரக்கூடாது. அம்மா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு பெரிய பொய்யைச் சொல்ல முடிந்தது அந்தச் சம்பிரதாயத்தின் புண்ணியம்.

ஒரே சிக்கல் கட்டுசாதம். சம்பந்தி வீட்டுக்கு என்று அம்மா புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று வகைக்கு ஒரு டப்பா கட்டிக் கொடுத்திருந்தார். அது ஞாயிறு மாலை வரை தாங்காது. கோவளத்துக்குப் புளியோதரை சுமந்து போன முதல் ஆள் நானாக இருக்க மாட்டேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எந்த பஸ், எங்கே மாறினோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. சுகன்யா கை நிறையக் கண்ணாடி வளையல்கள், நடுவில் வேப்பிலைக் காப்பு. குழந்தை பிறக்கும்வரை கழற்றக்கூடாது. அவை ஒரு அடையாள அட்டைபோல வேலை செய்தன. "வளையல் போட்ட பொண்ணு நிக்குது, எந்திரிங்கப்பா" என்றார் கண்டக்டர். மூன்று பேர் எழுந்தார்கள். நான் ஒரு இடத்தில் உட்காரப் போனேன். "உனுக்கு இல்ல சார்" என்றார்.

கூடாரங்கள் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தன. வாடகைக்கு விடுபவர் பஷீர் பாய். ஐம்பது வயது இருக்கும், பக்கத்திலேயே ஒரு ஆட்டோவும் வைத்திருந்தார். சுகன்யாவைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த சுத்தியல் அப்படியே நின்றது.

"இன்னா சார், போன்ல ரெண்டு பேருன்னு சொன்னீங்க. மூணு பேரா வந்துகீறீங்க?"

"இன்னும் நாள் இருக்கு பாய்."

"உங்களுக்கு நாள் இருக்கு சார். எனுக்கு மனசு கேக்காது. எதுனா ஆச்சுன்னா பேஜாராப் பூடும்."

டாக்டர் சொன்னதைச் சொன்னோம். அரைமனதோடு ஒப்புக்கொண்டார். ஓர் ஓரத்தில் எங்களுக்காக அடித்திருந்த கூடாரத்தைப் பிடுங்கி, தார் ரோட்டுக்கு அருகில் திரும்ப அடித்தார். தன் வீட்டிலிருந்து மெத்தை, இரண்டு தலையணை, ஒரு பிளாஸ்டிக் முக்காலி கொண்டுவந்தார். ஆட்டோவைத் திருப்பி ரோட்டைப் பார்த்து நிறுத்தி, சாவியை அதிலேயே தொங்கவிட்டார். "சும்மா ஒரு இதுக்கு" என்றார்.

கடல் தெரிய வேண்டுமென்று வந்தவர்களுக்கு ஆட்டோவின் முன்பக்கம் தெரிந்தது.

பக்கத்துக் கூடாரங்களில் வடக்கே எங்கிருந்தோ வந்து சென்னையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் ஆறேழு பேர் பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் இந்தி பழகிய சுகன்யா அவர்கள் பேசியதை எனக்குச் சொன்னாள். "இந்த ஊரில் பிரசவத்தைக் கடற்கரையில்தான் பார்ப்பார்களா?" என்று ஒருவன் கேட்டானாம். "அதிகப்பிரசங்கி, ஸ்பீக்கரை அணை, குழந்தை தூங்கும்" என்று இன்னொருவன் அதட்டினானாம். ஸ்பீக்கர் அணைந்தது. அதற்குப் பிறகு அவர்கள் சைகையில் பேசிக்கொண்டதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தாம்பரத்தில் சத்தம் அதிகம். ரயில், விமானப்படை விமானம், எதிர் ஃபிளாட் மிக்ஸி. அங்கே அமைதி கிடைக்காது என்றுதான் இங்கே வந்தோம். அமைதி கிடைத்தது. ஆனால் வீட்டில் இரண்டு அம்மாக்களைச் சமாளித்தால் போதும். இங்கே கடற்கரை முழுக்க அம்மாக்களாக இருந்தார்கள்.

மாலையில் அலை ஓரமாக உட்கார்ந்தோம். நான் மெத்தையை ஒரு நுனியில் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்திருந்தேன். சுகன்யா சாய்ந்து உட்கார்ந்து என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"எடுக்காதே. அதுக்கா எப்ப தோணுதோ அப்ப உதைக்கட்டும்."

காத்திருந்தேன். அலை வந்தது, போனது. பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம். கையை எடுத்துவிட்டேன். பஷீர் பாய் இரண்டு இளநீரோடு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். இளநீர் உள்ளே போனதும் சுகன்யா துள்ளினாள். "இப்ப, இப்ப!" கையை வைத்தேன். ஒன்றுமில்லை.

"உன் கை ஜில்லுன்னு இருக்கோ என்னமோ" என்றாள்.

கட்டுசாதத்தை பாயோடு பகிர்ந்துகொண்டோம். அவர் புளியோதரையை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் வந்தது. "சாதமெல்லாம் குடுத்தீங்களா? சம்பந்தி என்ன சொன்னாங்க?"

பாயைப் பார்த்தேன். புருவத்தை உயர்த்தி என்ன என்று கேட்டேன். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாங்கம்மா. புளியோதரை ரெண்டு வாட்டி போட்டுகிட்டாங்க."

அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சம்பந்தி அப்படியெல்லாம் வாய் திறந்து பாராட்டுகிறவர் இல்லை. "அது என்னடா பின்னாடி ஒரே இரைச்சல்?"

"அத்தை வீட்டு ஃபேன்மா."

"ஐயோ பாவம், அந்தச் சத்தத்துல அவ எப்படித் தூங்குவா? ஒரு நல்ல ஃபேனா வாங்கிக் குடுத்துட்டு வா."

வங்காள விரிகுடாவை ஃபேன் என்று சொன்னதற்கு ஒரு ஃபேன் செலவு.

இருட்டியது. தூரத்தில் படகு விளக்குகள் தெரிந்தன.

"எனக்கு ஒரு மாதிரி இருக்குடா" என்றாள்.

"வலிக்குதா?"

"அதில்ல. அங்க போனா எங்கம்மாவுக்குப் பொண்ணு. திரும்பி வரும்போது கையில ஒண்ணு இருக்கும். உன்கூட இப்படிச் சும்மா உட்கார்றது இன்னியோட சரி."

"சும்மா எங்க உட்கார விடறாங்க?" என்று மட்டும் சொன்னேன். சரியாக அப்போது ஒரு டார்ச் வெளிச்சம் எங்கள் மேல் விழுந்தது. "ஒண்ணுமில்ல, சும்மா பாத்தேன்" என்றது பாயின் குரல். சுகன்யா வளையல் குலுங்கச் சிரித்தாள்.

ஞாயிறு விடியற்காலையில் எனக்கு முதலில் விழிப்பு வந்தது. அவள் இடப்பக்கமாக ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் இல்லை, இளநீர் இல்லை, டார்ச் இல்லை. மெதுவாகக் கையை வைத்தேன். கூடாரத் துணி நீலத்திலிருந்து வெளிறி, வெளியே வெயில் விழும்வரை அப்படியே வைத்திருந்தேன். ஒரு அசைவும் இல்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. ரோட்டைப் பார்த்து நிறுத்திய அந்த ஆட்டோவை நினைத்து பாயை மனதுக்குள் கும்பிட்டேன். அவளை எழுப்பிவிட்டேன்.

"அசையவே இல்ல சுகன்யா."

அவள் கண்ணைத் திறக்காமலே, "உன் கை எலும்பு மேல இருக்கு" என்றாள். கொஞ்சம் புரண்டாள். "ம். இதோ, இப்ப முதுகுப் பக்கம் இடிக்குது. எழுந்துடுச்சு. உனக்கு முதுகைக் காட்டிட்டு இருக்கு."

நிம்மதியில் எனக்கு அழுகை வந்தது. வெளியே போய்ப் பல் தேய்த்தேன்.

சனிக்கிழமை பெருமாளுக்கு என்று விரதம், மீன் கிடையாது. ஞாயிறு அந்தத் தொல்லை இல்லை. படகுகள் கரைக்கு வந்திருந்தன. சுகன்யாவுக்கு நெத்திலி வறுவல்மேல் ஆசை. கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எங்களுக்கு நெத்திலி அள்ளிப்போடக் கையை நீட்டியவர், வளையல்களைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினார்.

"இன்னாம்மா இது? வளகாப்பு போட்டுகினு அம்மா வூட்டுக்குப் போவாம இங்க இன்னா பண்ற?"

"போயிட்டுதான்க்கா இருக்கேன்."

"உங்கம்மா வூடு கடலுக்குள்ளயா கீது?" என்று கேட்டுவிட்டு, மீன் கையைப் புடவையில் துடைத்து, அனுமதியெல்லாம் கேட்காமல் சுகன்யாவின் வயிற்றில் வைத்தார். வைத்த மாத்திரத்தில் முகம் மலர்ந்தது. "யம்மாடி! இன்னா உத உதைக்குது!"

நான் நெத்திலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் வீட்டில் அதை மொறுமொறுவென்று வறுத்துக் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது என்று சுகன்யா சொன்னாள். எனக்கு ருசி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்குத் தொடங்குகிறது. அதற்கு முன்னால் பம்மல் வீட்டு வாசற்படி தாண்ட வேண்டும் என்பது மாமியாரின் ஒரே நிபந்தனை. பஸ்ஸில் போகலாம் என்று நான் சொன்னதை பாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ராகு காலம் எனுக்கும் தெரியும் சார். சாப்ட்டு கெளம்பனா டயத்துக்குப் பூடலாம். நானே வுட்றேன்" என்றார்.

கிளம்பினோம். அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டிய விதத்தை எந்தப் பயணக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் ஆட்டோவை நிறுத்தி, இறங்கி, அதன் உயரத்தைப் பார்த்து, திரும்ப ஏறி, சக்கரத்தை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினார். பள்ளம் வந்தால் "புடிச்சிக்கம்மா" என்றார். பள்ளம் வராதபோதும் சொன்னார். மோர் விற்பவர் சைக்கிளில் எங்களை முந்திப் போய், மரத்தடியில் நின்று வியாபாரம் பார்த்து, திரும்பவும் எங்களை முந்திப் போனார்.

"பாய், கொஞ்சம் வேகமா..."

"வவுத்துல புள்ளய வச்சிகினு வேகம் இன்னா சார் வேகம்?"

பம்மலில் தெருவுக்குள் நுழைந்தபோது மணி நாலே முக்கால். மாமியார் பட்டுப்புடவையில் வாசற்படிக்கு உள்ளே ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். ஆட்டோவைப் பார்த்து முகம் மலர்ந்தார், பிறகு தட்டை இறக்கினார்.

"அங்கயே நில்லுங்க மாப்ள. உள்ள வராதீங்க. ராகு காலம் முடியட்டும்."

"ஒண்ணேகால் மணி நேரம் இருக்கே அத்தை."

"இருக்கட்டும். நானும் இங்கயே நிக்கறேன்."

வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாசற்படி தாண்டி நீட்டப்பட்டது. சுகன்யா தெருவில், எதிர்வீட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தாள். நான் அவளிடமிருந்து மரியாதையான தூரத்தில் ஆட்டோவில் சாய்ந்து நின்றேன். எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியாயிற்று, அவள் வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. பஷீர் பாய்க்குத் தாங்கவில்லை. தாமதத்தின் பழியைத் தானே ஏற்க முன்வந்தார்.

"தப்பு என்னுதுதாம்மா. அவங்க மேல ஒண்ணும் இல்ல. கோவளத்துலேர்ந்து ஒரே சீரா, குலுங்காம இட்டாந்தேன்."

"கோவளத்துலேர்ந்தா?" என்றார் மாமியார்.

பம்மலுக்கு மேலே விமானங்கள் தாழ்வாகப் போகும். அங்கே யாரும் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச மாட்டார்கள். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, விமானம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அப்போது ஒரு விமானம் வந்தது. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அதற்குள் மாமியாரின் கண்கள் சுகன்யாவின் கறுத்த முகம், உப்புப் படிந்த புடவை ஓரம், நாற்காலியைச் சுற்றி உதிர்ந்திருந்த மணல் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி வந்து என்மேல் நின்றன. அந்த விமானம் தரையிறங்காமல் அப்படியே மேலே நின்றுவிடக் கூடாதா என்று இருந்தது.

விமானம் போனது. மாமியார் வாயைத் திறந்தார்.

"டேய்!"

கத்தியது மாமியார் இல்லை, சுகன்யா. தெருவில், அம்மா எதிரில், அக்கம்பக்கம் எல்லோர் எதிரிலும்.

"டேய், வா! சீக்கிரம் வா, கை வை!"

ஓடினேன். மண்டியிட்டேனா, குனிந்தேனா என்று நினைவில்லை. அவள் என் கையைப் பிடித்து வலப்பக்கம், விலா எலும்புக்குக் கீழே அழுத்தினாள். வளையல்கள் என் மணிக்கட்டில் நெருடின. பிறகு உள்ளிருந்து ஒன்று என் உள்ளங்கையில் இடித்தது. குதிகாலோ முழங்கையோ. நழுவி ஓர் அங்குலம் ஊர்ந்து திரும்பவும் இடித்தது. யாரோ கதவின் மறுபக்கத்திலிருந்து தட்டுவதுபோல இருந்தது.

அப்போதுதான் எனக்கு இடம் உறைத்தது. தெரு, நாற்காலி, 'டேய்', ராகு காலம், வாசற்படியில் பட்டுப்புடவை. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"கைய எடுக்காதீங்க மாப்ள" என்றார் மாமியார். "எடுத்தா நின்னுடும்."

நான் எடுக்கவில்லை. பஷீர் பாய் ஆட்டோவின் கண்ணாடியை மும்முரமாகத் துடைக்க ஆரம்பித்தார். மாமியார் உள்ளே திரும்பி, இன்னொரு நாற்காலி எடுத்துவரச் சொன்னார். அது வாசற்படி தாண்டி வந்தது. அவள் நாற்காலிக்கு ஒட்டினாற்போல் போட்டு, இடம் விடாமல் உட்கார்ந்தேன். ராகு காலம் முடிய இன்னும் நேரம் இருந்தது. அது சீக்கிரம் முடிந்துவிடுமோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.